இல்லாத காலும் வலிக்கும்

சென்ற ஆண்டு மழைக்காலம் ஓய்ந்த பிறகு, இடையஞ்சாவடியைச் சேர்ந்த அறுபது வயதுப் பெரியவர் ஒருவரை அவருடைய மனைவி எங்கள் நரம்பியல் புறநோயாளிகள் பிரிவுக்குச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார். பெரியவர் இளமை முதல் மரக்காணம் உப்பளங்களில் உழைத்தவர். நீரிழிவு நோயால் பாதங்களில் உணர்வு குன்றியிருந்தது. அதனால் காலில் ஏற்பட்ட சிறு புண் அவர் அறியாமலேயே ஆழமாகி, இடது காலை முழங்காலுக்குக் கீழே அகற்ற வேண்டியதாயிற்று. அறுவைப் புண் நன்றாக ஆறிவிட்டது. சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தது. ஆனாலும் மூன்று மாதங்களாக அவர் சரிவர உறங்கவில்லை.

"பாதம் எரியுதுங்க. பித்தவெடிப்புல உப்புத் தண்ணி பட்ட மாதிரி எரியுது. கட்டைவிரல் உள்ளே மடங்கிக்கிச்சு, நிமித்த முடியல" என்றார்.

எந்தப் பாதம் என்று கேட்டேன். போர்வைக்குக் கீழே வெறுமையாக இருந்த இடத்தைக் கையால் சுட்டினார்.

அருகில் நின்ற அம்மையார் தயங்கித் தயங்கிப் பேசினார். "காலே இல்லீங்களே டாக்டர், அது எப்படி வலிக்கும்? இவருக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு ஊர்ல சொல்றாங்க. மந்திரிச்சுக் கயிறு கூடக் கட்டிட்டோம்."

இந்தச் செய்திமடலைப் படிக்கும் உங்களுள் சிலர் கை, கால் இழந்தவர்களாக இருக்கலாம். பலர் அத்தகையோரைப் பேணுபவர்களாக இருக்கலாம். உங்களிடம் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். இல்லாத உறுப்பு வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால், அவரை நம்புங்கள். அந்த வலி மெய்யானது. அதற்குச் சிகிச்சையும் உண்டு. அந்தச் சிகிச்சைகளுள் ஒன்று, உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் முகம் பார்க்கும் கண்ணாடியைப் போன்ற எளிய பொருள்.

இதைச் சொல்லும் தகுதி எனக்குத் தவறு செய்ததன் வழியாகவே கிடைத்தது. முதுநிலைப் பயிற்சி மாணவனாக இருந்த நாள்களில், விபத்தில் கையை இழந்த இளைஞர் ஒருவர் இதே போன்ற வலியைச் சொல்லி அழுதார். நான் அவருடைய தோள் முனையைச் சோதித்தேன், புண் ஏதுமில்லை. மன உளைச்சல் என்று குறிப்பேட்டில் எழுதி, உறக்க மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர் மீண்டும் வரவில்லை. நம்பாத மருத்துவரிடம் யார்தான் இரண்டாம் முறை வருவார்?

வலி எங்கே பிறக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். காலில் முள் குத்தினால் காலில்தான் வலி உண்டாகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் காலிலிருந்து செய்தி மட்டுமே புறப்படுகிறது. ஒரு நரம்பு செல்லில் மின் துடிப்பாக ஓடும் அச்செய்தி, அதன் முனையை அடைந்ததும் ஒரு நுண்ணிய இடைவெளியைச் சந்திக்கிறது. அங்கே வேதிப்பொருளாக மாறி மறுகரையை அடைந்து, அடுத்த செல்லில் மீண்டும் மின் துடிப்பாகிறது. இவ்வாறு செல்லுக்குச் செல் கைமாறி, தண்டுவடத்தின் வழியே மூளையை எட்டுகிறது. மூளையின் மேற்பரப்பில் உடல் முழுவதற்குமான ஒரு வரைபடம் இருக்கிறது. மான்ட்ரியால் நகரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு, விழிப்புடன் இருந்த நோயாளிகளின் மூளையை மெல்லிய மின்னோட்டத்தால் தொட்டுத் தொட்டு 1930களில் அதை வரைந்து காட்டினார். காலுக்கு ஓரிடம், கைக்கு ஓரிடம், முகத்துக்கு ஓரிடம் என அதில் உண்டு. செய்தி அங்கே சென்று சேர்ந்த பிறகுதான் வலி என்னும் உணர்வு உருவாகிறது.

அறுவை மருத்துவர் காலை அகற்றும்போது மூளையிலுள்ள காலின் இடத்தை அகற்றுவதில்லை. அது அப்படியே இருக்கிறது, செய்திக்குக் காத்திருக்கிறது. வெட்டுப்பட்ட நரம்பின் முனைகளும் தாமாகவே துடித்துச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பெறும் மூளை, கால் இருப்பதாகவே முடிவு செய்கிறது.

இருக்கும் ஒன்றைத்தான் மூளை உணரும் என்று நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். அது முழு உண்மையன்று. ஒரு சிறு சோதனையால் இதை நீங்களே அறியலாம். வெள்ளைத் தாளில், பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் மிளகு அளவில் இரண்டு புள்ளிகளைப் பக்கவாட்டில் இடுங்கள். இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலக்கண்ணால் இடப்புறப் புள்ளியை மட்டும் உற்று நோக்குங்கள். தாளைக் கைநீளத் தொலைவிலிருந்து மெல்ல மெல்ல முகத்தை நோக்கிக் கொண்டு வாருங்கள். ஒரு குறிப்பிட்ட தொலைவில் வலப்புறப் புள்ளி மறைந்துவிடும். கண்ணிலிருந்து பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் இல்லாததே அதற்குக் காரணம். வியப்பு அதுவன்று. அங்கே ஓட்டையோ இருளோ தெரிவதில்லை. வெள்ளைத்தாள் இடைவெளியின்றித் தெரிகிறது. இல்லாத செய்தியைச் சுற்றியுள்ளதைக் கொண்டு மூளை நிரப்பிவிடுகிறது. அறுபது ஆண்டுகள் வாழ்ந்தும் தம் பார்வையில் இப்படியோர் இடம் இருப்பதை அறியாதவர்களே மிகுதி.

இத்தகைய பார்வைப் புதிர்களை ஆராய்வதில் தொடங்கி, இல்லாத உறுப்பின் வலிக்கு வழி கண்டவர் ஒரு தமிழ்நாட்டு மருத்துவர். வி. எஸ். இராமச்சந்திரன் 1951இல் தமிழகத்தில் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். மாணவராக இருந்தபோதே, இரு கண்களும் சேர்ந்து ஆழத்தை உணரும் விதம் பற்றிய அவருடைய ஆய்வுக் குறிப்பு 1972இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. பின்னர் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்காவில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் பேராசிரியரானார். சற்று முன் நீங்கள் செய்து பார்த்த சோதனையில் வெளிப்படும் நிரப்பும் இயல்பையும் அவர் விரிவாக ஆராய்ந்தார். இந்திய அரசு 2007இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது.

1991இல் குரங்குகளிடம் செய்யப்பட்ட ஓர் ஆய்வு அவர் கவனத்தை ஈர்த்தது. கையிலிருந்து வரும் நரம்புச் செய்தி பல்லாண்டுகளாக நின்றுபோன குரங்குகளின் முகத்தைத் தொட்டபோது, மூளையில் கைக்கு உரிய இடம் துடித்தது. மூளை வரைபடத்தில் கையின் இடமும் முகத்தின் இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அப்படியானால் மனிதரிடம் என்ன நிகழும் என்று அவர் கேட்டார். கை இழந்த ஓர் இளைஞரின் கண்களைக் கட்டி, பஞ்சு சுற்றிய குச்சியால் அவருடைய கன்னத்தைத் தொட்டார். கன்னத்தைத் தொட்டதுடன், இல்லாத கையின் விரலைத் தொட்டதாகவும் அவர் உணர்ந்தார். முகத்தில் வெவ்வேறு புள்ளிகளைத் தொட, வெவ்வேறு விரல்களில் உணர்வு தோன்றியது. நரம்பு செல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வழிகள் நிலையானவை அல்ல, வளர்ந்தவர்களிடமும் அவை மாறக்கூடும் என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று.

பிறகு அவர் வலியின் பக்கம் திரும்பினார். இல்லாத கை இறுக மூடியிருக்கிறது, நகங்கள் உள்ளங்கையில் பதிகின்றன, திறக்க முடியவில்லை என்று பலர் சொன்னார்கள். எங்கள் பெரியவரின் மடங்கிய கட்டைவிரலும் அந்த வகையே. இராமச்சந்திரன் தந்த விளக்கம் இது: "திற" என்று மூளை கைக்குக் கட்டளை அனுப்புகிறது. திறந்துவிட்டேன் என்று தசையிலிருந்தும் மூட்டிலிருந்தும் பதில் வர வேண்டும், வருவதில்லை. கண்ணும், அசைவு எதையும் காணோம் என்கிறது. பதில் வராத கடிதத்தை மீண்டும் மீண்டும் எழுதுபவரைப் போல மூளை கட்டளையை வலுவாக்கிக்கொண்டே போகிறது. பிடிப்பு இறுகுகிறது.

தசை பதில் சொல்ல இயலாது. மூட்டும் சொல்ல இயலாது. கண்ணால் சொல்ல இயலுமா? அவர் ஒரு நிலைக்கண்ணாடியை நோயாளியின் மார்புக்கு நேரே செங்குத்தாக நிறுத்தினார். இருக்கும் கை கண்ணாடியின் முன்புறம். இழந்த கையின் பக்கம் கண்ணாடிக்குப் பின்னே மறைவில். நோயாளி கண்ணாடிக்குள் பார்த்தால், பிம்பம் சரியாக இழந்த கையின் இடத்தில் தெரியும். இப்போது இருக்கும் கையை விரித்து மூடினால், இழந்த கையே விரிந்து மூடுவதைப் போலத் தோன்றும். பத்தாண்டுகளாக அசைவற்று உறைந்திருந்த கை அசைகிறது என்று ஒரு நோயாளி வியந்து கூவியதை இராமச்சந்திரன் பதிவு செய்திருக்கிறார். கண்ணை மூடியதும் அக்கை மீண்டும் உறைந்துவிட்டது. பார்வைக்கும் உடலுணர்வுக்கும் இடையே இத்தனை நெருங்கிய உரையாடல் நிகழ்கிறது என்பதை அந்தக் கண்ணாடி காட்டிக்கொடுத்தது.

இது வெறும் கண்கட்டு வித்தை அன்றோ என்று கேட்பவர்கள் உண்டு; மருத்துவர்களிலும் உண்டு. அவர்களுக்கு விடையாக ஓர் ஆய்வைச் சொல்வேன். வாஷிங்டன் நகரின் வால்டர் ரீட் இராணுவ மருத்துவ நிலையத்தில் கால் இழந்தவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினர் கண்ணாடியைப் பார்த்தபடி பயிற்சி செய்தனர். மற்றொரு குழுவினருக்கும் அதே கண்ணாடிதான். ஆனால் துணியால் மூடப்பட்டிருந்தது. மூன்றாம் குழுவினர் கண்களை மூடி மனத்தால் காலை அசைத்தனர். நாள்தோறும் 15 நிமிடம், நான்கு வாரம். 2007இல் வெளியான முடிவின்படி, பயிற்சியை நிறைவு செய்த 18 பேரில் கண்ணாடியைப் பார்த்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. மூடிய கண்ணாடிக் குழுவில் ஒருவருக்கும், மனப்பயிற்சிக் குழுவில் இருவருக்கும் மட்டுமே குறைந்தது. வெறும் நம்பிக்கையால் வரும் குணம் என்றால், துணி போர்த்திய கண்ணாடியும் அதே அளவு வேலை செய்திருக்க வேண்டும்.

ஆயினும் ஒரு மருத்துவர் தமக்குப் பிடித்த செய்தியை மட்டும் சொல்லி நிறுத்தலாகாது. 18 பேர் என்பது சிறு எண்ணிக்கை. பின்னர் வந்த ஆய்வுகள் அனைத்தும் ஒரே முடிவைத் தரவில்லை. கண்ணாடி சிலருக்கு மிகுந்த பயன் தருகிறது, சிலருக்குச் சிறிதளவு, சிலருக்கு ஒன்றுமேயில்லை. வலிக்குக் காரணம் எது என்பதிலும் கருத்து வேற்றுமை இருக்கிறது. மூளையின் வரைபடம் மாறுவதே வலிக்கு வேர் என்பது இராமச்சந்திரன் முதலியோரின் வழிவந்த கருத்து. பிரிட்டனைச் சேர்ந்த டமார் மேக்கின் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வோ, வலி மிகுந்தவர்களின் மூளையில் இழந்த கையின் இடம் அழியாமல் நன்றாகவே இருப்பதாகக் காட்டியது. இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இரு தரப்பினருள் எவரும் அந்த வலி பொய் என்று சொல்லவில்லை. வலி எப்படி உண்டாகிறது என்பதே விவாதம். வலி உண்டா என்பது அன்று.

இந்நிலைக்கு நாம் வழங்கும் பெயர்கூட நோயாளிக்குத் தீங்கு செய்கிறதோ என்று எனக்கு ஐயம் உண்டு. பாடநூல்கள் இதை 'மாய உறுப்பு' என்கின்றன. மாயை என்றாலே பொய் என்றுதான் நம் காதில் விழுகிறது. 'இழந்த உறுப்பின் வலி' என்று சொல்லிப் பழகுவோம். உறுப்பு இழந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்த வலியை ஏதேனும் ஒரு காலத்தில் அனுபவிக்கிறார்கள். இத்தனை பேருக்கு வருவதை மனநலக் குறைபாடு என்று ஒதுக்குவது அறியாமை. பலர் இதை வெளியே சொல்லாமல் இருப்பதற்குக் காரணமும் அதுவே: பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்னும் அச்சம்.

எனவே என் கருத்து இது. காலையோ கையையோ அகற்றும் அறுவை சிகிச்சைக்கு முன்பே, இழந்த உறுப்பு இருப்பது போன்ற உணர்வும் வலியும் வரக்கூடும் என்று நோயாளிக்கும் குடும்பத்துக்கும் சொல்லிவிட வேண்டும். சொன்னால் வீணே அஞ்சுவார்கள் என்பது சிலரின் வாதம். சொல்லாமல் விட்டால், நள்ளிரவில் இல்லாத பாதம் எரியும்போது தனியே அஞ்சுவார்கள். அது இன்னும் கொடிது. மறுபரிசோதனைக்கு வரும்போது புண்ணைப் பார்ப்பதுடன் நில்லாமல், "இழந்த கால் வலிக்கிறதா?" என்று மருத்துவரும் செவிலியரும் கேட்க வேண்டும். அவர்கள் கேட்க மறந்தால் நீங்களே சொல்லுங்கள். விலை மலிவானது என்பதால் கண்ணாடிச் சிகிச்சைக்கு மதிப்பில்லாமல் போய்விடக் கூடாது. சில நூறு ரூபாய்க் கண்ணாடி உதவக்கூடிய இடத்தில் அதை முயன்று பார்க்காமல் இருப்பது குற்றம் என்றே கருதுகிறேன்.

வீட்டில் செய்ய விரும்புவோர் முதலில் எங்கள் இயன்முறை சிகிச்சையாளரிடம் ஒரு முறை நேரில் கற்றுக்கொள்ளுங்கள். காலுக்கு என்றால், இடுப்பிலிருந்து பாதம் வரை மறைக்கும் நீளமுள்ள கண்ணாடி வேண்டும். ஓரங்களில் துணியோ ஒட்டு நாடாவோ சுற்றிவிடுங்கள். நீரிழிவு உள்ளவருக்குச் சிறு கீறலும் ஆகாது. நீட்டி அமர்ந்து, இரு கால்களுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்துங்கள். அகற்றப்பட்ட காலின் முனை பின்னால் முழுமையாக மறைந்திருக்கட்டும். கொலுசு, மெட்டி போன்றவற்றைக் கழற்றிவிடுவது நல்லது. பிம்பம் தம் கால்தான் என்று தோன்ற அது உதவும். இருக்கும் பாதத்தை மெதுவாக மேலும் கீழும் அசைத்து, விரல்களை மடக்கி நீட்டுங்கள். அதே வேளையில் இழந்த பாதமும் அவ்வாறே அசைவதாக முயலுங்கள். நாளுக்கு 15 நிமிடம் போதும். சில வாரங்கள் விடாமல் செய்ய வேண்டும்.

தலைசுற்றலோ வலி மிகுதியோ ஏற்பட்டால் நிறுத்திவிட்டு எங்களிடம் சொல்லுங்கள். நரம்பு வலிக்கான மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். கண்ணாடி அவற்றுக்குத் துணை, மாற்று அன்று. வெட்டிய முனையில் சிவப்பு, வீக்கம், சீழ், காய்ச்சல் இருந்தால் அது வேறு நோய், காத்திராமல் வாருங்கள். இருக்கும் மற்றொரு காலை நாள்தோறும் பாருங்கள். விரலிடுக்கு, உள்ளங்கால், குதிகால் எதையும் விட்டுவிடாதீர்கள்.

பக்கவாதத்தால் கை தளர்ந்தவர்களுக்கும் இம்முறை பயன்படுகிறது. இராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் 1999இல் ஒன்பது நோயாளிகளிடம் செய்த சிறு முயற்சியில் அது தொடங்கியது. 2018இல் 62 ஆய்வுகளையும் 1,982 நோயாளிகளையும் ஒன்றுதிரட்டி நோக்கிய காக்ரேன் மதிப்பாய்வு, வழக்கமான பயிற்சியுடன் கண்ணாடியையும் சேர்க்கும்போது கை, கால் இயக்கம் மேம்படுகிறது என்று முடிவு கூறியது. முழுக் குணம் தரும் என்று அது சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன்.

பேணுபவர்களுக்கு இன்னும் ஒரு சொல். வாஷிங்டன் ஆய்வில், கண்ணாடிக்குள் தம் கால் மீண்டும் அசைவதைக் கண்ட இருவர் சிறிது நேரம் துயரில் ஆழ்ந்தனர். முதல் நாள் எங்கள் பெரியவரும் அழுதார். இதை எதிர்பார்த்திருங்கள். அழ வேண்டாம் என்று தடுக்காதீர்கள். கண்ணாடியை உடனே எடுத்துவிடவும் வேண்டாம். அருகில் அமர்ந்திருங்கள். அவர் போதும் என்றால் அன்றைக்கு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆறு வாரம் கழித்து எங்கள் மறுவாழ்வுக் குழுவுடன் நானும் இடையஞ்சாவடிக்குச் சென்றிருந்தேன். முந்திரித் தோப்பை ஒட்டிய செம்மண் தெருவில் அவர்கள் வீடு. திண்ணையில் பெரியவர் கால் நீட்டி அமர்ந்திருக்க, அம்மையார் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். எரிச்சல் முற்றிலும் போய்விடவில்லை. மழை பெய்யும் நாளில் வருகிறது என்றார் பெரியவர். ஆனால் கட்டைவிரல் நிமிர்ந்துவிட்டதாம். இரவில் நான்கைந்து மணி நேரம் உறங்குகிறார். செயற்கைக் காலுக்கு அளவு கொடுக்க எப்போது வரலாம் என்று கேட்டார்.

புறப்படும்போது அம்மையார் சொன்னார்: "பக்கத்து வீட்டுல கேட்டாங்க, கண்ணாடி வெச்சு என்ன பண்றீங்கன்னு. இவருக்கு இடது கால் வலிக்குது, அதுக்கு வைத்தியம் பண்றோம்னு சொன்னேங்க."

முன்பு அதே கால் எப்படி வலிக்கும் என்று கேட்டவர் அவர். கண்ணாடி செய்த நன்மை ஒரு பங்கு என்றால், மனைவி தம்மை நம்பத் தொடங்கியது அந்தப் பெரியவருக்கு மறு பங்கு என்றே நான் நினைக்கிறேன்.